வருஷத்துக்கு ஒரு நாள் ஓடுற மெஷின் ஏன் மூணு வருஷத்துல செத்துப்போகுது?

காலைல 2 நிமிஷம், ராத்திரி 2 நிமிஷம், ஆக ஒரு நாளைக்கு 4 நிமிஷம், இதை 365ஆல பெருக்குனா 1460 நிமிஷம் வருது, அதாவது 24 மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. எலக்ட்ரிக் டூத்பிரஷ்ங்கிற மெஷின் வருஷம் முழுக்க பார்க்குற வேலை மொத்தம் அவ்வளவுதான், ஒரே ஒரு நாள். எங்க வீட்டு மிக்ஸி தினமும் 20 நிமிஷம் ஓடுதுன்னு வச்சுக்கிட்டாலே வருஷத்துக்கு 120 மணி நேரம் ஆகுது, அதுவும் சட்னி மசாலான்னு சூடேறி சூடேறி ஓடுற 750 வாட் மோட்டார், அது பத்து வருஷமா ஓடுது, நடுவுல கப்ளர் ரெண்டு தடவை மாத்துனோம், கார்பன் ஒரு தடவை மாத்துனோம், ஜார் வாஷர் எத்தனைன்னு கணக்கே இல்ல. டூத்பிரஷ் மட்டும் மூணு வருஷத்துல, அதாவது மொத்தமா மூணு நாள் உழைச்சுட்டு, செத்துப்போகுது. யாரும் கோபப்படுறதும் இல்ல, "பேட்டரி போயிடுச்சு"ன்னு சொல்லிட்டு புதுசு ஆர்டர் பண்றோம்.

என்னோடது சரியா ரெண்டரை வருஷத்துல போச்சு. கஸ்டமர் கேர்ல பேசுனா "சார், இதுக்கு சர்வீஸ் கிடையாது, புதுசுக்கு டிஸ்கவுன்ட் கூப்பன் தர்றோம்"னு ரொம்ப அன்பா சொன்னாங்க. சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர் விரிச்சு உட்கார்ந்து திறந்து பார்த்தேன். திறந்தேன்னு சொல்றதைவிட உடைச்சேன்னு சொல்லணும், ஏன்னா எங்கேயும் ஒரு ஸ்க்ரூ கூட இல்ல, அடிப்பாகத்தை அழுத்தி மாட்டி பசை போட்டு வச்சிருந்தாங்க. உள்ள ஏஏ செல் சைஸ்லயே ஒரு லித்தியம் செல், ரெண்டு பக்கமும் நிக்கல் பட்டை ஒட்டி போர்டுல சால்டர் பண்ணியிருந்தது. விரல் அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு, கீழ ஒரு காப்பர் காயில், மேல மோட்டார். பிரஷ் ஹெட் மாட்டுற கம்பி வெளிய வர்ற இடத்துல ஒரு குட்டி ரப்பர் இருக்கு, அதைச் சுத்தி பேஸ்ட்டும் எச்சிலும் காஞ்சு கறுப்பா மை மாதிரி கெட்டியா படிஞ்சு, அந்த ரப்பர் ஓரத்துல கிழிஞ்சு, தண்ணி உள்ள இறங்கி, போர்டு ஓரம் பச்சை பூத்திருந்தது. மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு, தனியா கரண்ட் குடுத்தா விர்ர்ருன்னு சுத்துது.

இதுல வேடிக்கை என்னன்னா மேனுவலோட கடைசி பக்கத்துல பேட்டரியை எப்படி வெளிய எடுக்கணும்னு படம் போட்டே விளக்கியிருக்காங்க. ஆனா அது தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி மட்டும் செய்யவேண்டிய வேலையாம், திறந்தா கைப்பிடி பாழாயிடும், வாரன்டியும் கிடையாதுன்னு கீழயே எழுதியிருக்கு. பேட்டரியை எடுக்க வழி தெரியும், திரும்ப வைக்க மட்டும் வழி வைக்கல.

இது எப்படி இங்க வந்து நின்னுச்சுன்னு பார்க்க கொஞ்சம் பின்னாடி போகணும். முதன்முதலா நல்லா ஓடுன எலக்ட்ரிக் டூத்பிரஷ் 1954ல சுவிட்சர்லாந்துல பிலிப் கை வூக்ங்கிற டாக்டர் பண்ண பிராக்ஸோடென்ட். கையை சரியா அசைக்க முடியாதவங்க, பல்லுல கிளிப் போட்டவங்க, இவங்களுக்காகத்தான் அது வந்துச்சு, சுவத்துல வயர் சொருகி ஓடுறது. தண்ணி புழங்குற இடத்துல வீட்டு கரண்ட்டை வாய்க்குள்ள கொண்டுபோற பொருள்ங்கிறதால யாருக்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும். 1961ல ஜெனரல் எலக்ட்ரிக் வயர் இல்லாம, உள்ளயே சார்ஜ் ஏறுற பேட்டரி வச்சு ஒன்னு கொண்டு வந்தாங்க. பிரஷ்ஷுக்குள்ள பேட்டரியை வச்சு மூடுற கதை அங்கதான் ஆரம்பிக்குது. அப்புறம் ஸ்டாண்டுல பாதி டிரான்ஸ்பார்மர், கைப்பிடியில பாதி டிரான்ஸ்பார்மர்ங்கிற மாதிரி ரெண்டு காயிலை பக்கத்துல வச்சு, உலோகம் எதுவும் வெளிய தெரியாம சார்ஜ் பண்ற முறை பரவலாச்சு. செல்போனுக்கு வயர்லெஸ் சார்ஜிங்னு நாம வாய் பிளந்ததுக்கு பல வருஷம் முன்னாடியே பாத்ரூம்ல அது சத்தமில்லாம ஓடிட்டிருந்தது. ஷாக் அடிக்கக்கூடாது, ஈரக்கையோட தொடலாம், குழாய்க்கு அடியில கழுவலாம், இதெல்லாம் நிஜமான தேவைங்க, அதுக்கு நிஜமான விடைதான் அந்த மூடி. மூடுனதை யாரும் தப்பு சொல்லல, மூடிட்டு சாவியை தூக்கிப் போட்டதுதான் பிரச்சனை.

கஸ்டமர் தேவையை வச்சு டிசைன் பண்றோம்னு சொல்றவங்க எல்லாருமே சர்வே எடுப்பாங்க. அங்கதான் இந்த விஷயம் நழுவிப்போகுது. ஜப்பான்ல நோரியாகி கானோன்னு ஒரு பேராசிரியர், 1984ல அவரும் கூட இருந்தவங்களும் ஒரு விஷயம் எழுதினாங்க, கஸ்டமர் தேவை எல்லாம் ஒரே ரகம் இல்லன்னு. சிலது கூடக்கூட சந்தோஷம் கூடும், சிலது எதிர்பார்க்காம கிடைச்சா குஷியாகும், இன்னும் சிலது இருக்கறது யாருக்கும் தெரியவே தெரியாது, இல்லாம போனா மட்டும் எரிச்சல் வரும். ஹோட்டல்ல போய் "தண்ணி வைப்பீங்களா"ன்னு யாரும் கேட்டுட்டு உட்கார்றதில்லயே, அந்த மாதிரி. பிரஷ் வாங்குறவர்கிட்ட போய் என்ன வேணும்னு கேட்டா கலர், எத்தனை மோடு, சத்தம் கம்மியா இருக்கணும், பல் வெள்ளையாகணும்னு சொல்லுவாரு. "மூணு வருஷத்துல சாகக்கூடாது"ன்னு சொல்லமாட்டாரு, ஏன்னா அது சொல்லவேண்டிய விஷயம்னே அவருக்குத் தோணாது. "சுற்றுச்சூழலுக்கு நல்ல பிரஷ்னா வாங்குவீங்களா"ன்னு கேளுங்க, எல்லாரும் கண்டிப்பான்னு டிக் அடிப்பாங்க, அந்த டிக்கை நம்பி மூங்கில் கலர்ல டப்பா அடிச்சவங்கதான் அதிகம்.

அதனால கேள்வித்தாளை ஓரமா வச்சுட்டு, செத்துப்போன பிரஷ்ஷை வாங்கி வெட்டிப் பார்க்குறதுதான் சரியான கஸ்டமர் ஆராய்ச்சின்னு நான் நினைக்கிறேன். வீட்டுல அது எங்க நிக்குது, எதுல சார்ஜ் ஆகுது, அடியில எவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்குன்னு பார்த்தா ஆள் வாயால சொல்லாததெல்லாம் அது சொல்லும்.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, இது எல்லாருக்கும் வேணுமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன்ங்கிற அமைப்பு 2014ல 56 ஆய்வுகளை சேர்த்துப் பார்த்து சொன்னது, மூணு மாசத்துக்கு மேல உபயோகிச்சா சாதா பிரஷ்ஷைவிட எலக்ட்ரிக்ல பல் அழுக்கு 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறையுதுன்னு. வித்தியாசம் இருக்கு, ஆனா மலையும் மடுவும் இல்ல. இன்னொரு பக்கம் 2020ல பிரிட்டிஷ் டென்டல் ஜர்னல்ல டப்ளின், லண்டன் ஆராய்ச்சியாளர்கள் நாலு ரக பிரஷ்ஷை (சாதா பிளாஸ்டிக், மூங்கில், ஹெட் மட்டும் மாத்துற பிளாஸ்டிக், எலக்ட்ரிக்) அஞ்சு வருஷ உபயோகத்துக்கு கணக்குப் போட்டாங்க. பருவநிலை பாதிப்புல எலக்ட்ரிக் பிரஷ் மூங்கிலைவிட 11 மடங்கு. உடனே மூங்கில் ஜெயிச்சுருச்சுன்னு கைதட்டாதீங்க, மூங்கில் வளர்க்க நிலம் வேணும்ங்கிறதால அதுக்கும் அவங்க முதல் பரிசு குடுக்கல, திரும்பத் திரும்ப ரீசைக்கிள் ஆகுற பிளாஸ்டிக்தான் நல்லதுன்னு முடிச்சாங்க. ஆக நல்லா கை ஓடுற ஆளு, ஒழுங்கா ரெண்டு நிமிஷம் தேய்க்கிற ஆளு, சாதா பிரஷ்ஷே போதும், தாராளமா இருக்கலாம். மூட்டுவலி, கை நடுக்கம், பல்லு கிளிப், படுக்கையில இருக்குறவங்களுக்கு வேற ஒருத்தர் தேய்ச்சு விடுறது, இங்கெல்லாம்தான் இந்த மெஷினுக்கு நிஜமான வேலை. 1954ல இருந்த அதே ஆளுங்கதான்.

சரி, வேணும்னு முடிவாயிருச்சு, அப்ப அந்த 11 மடங்கை எப்படி இறக்குறது? போர்டு, செல், காயில், சார்ஜர் இதெல்லாம் ஒரு தடவை செஞ்சா செஞ்சதுதான், அதை எத்தனை வருஷத்துக்கு பங்கு போடுறோம்ங்கிறதுதான் கணக்கு. ஆயுசு ரெண்டு மடங்கானா வருஷத்துக்கான பங்கு பாதியாகும். இதுக்கு மக்காச்சோள பிளாஸ்டிக் வேணாம், மூங்கிலும் வேணாம்.

இப்ப ஆயுசை எது தின்னுதுன்னு பார்ப்போம். லித்தியம் செல் சுமார் 500 தடவை முழுசா சார்ஜ் ஏறி இறங்கும்னு சொல்லுவாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டா வருஷத்துக்கு 26, அப்ப 500க்கு 19 வருஷம் ஆகும். சார்ஜ் ஏத்தி ஏத்தி தேஞ்சு சாகுறதா இருந்தா இது நம்ம பசங்க காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஓடணும். அப்படி சாகறதில்ல, ஸ்டாண்டுலயே 24 மணி நேரமும் நட்டு வச்சு, எப்பவும் 100 சதவீதத்துலயே, கதகதன்னு சூட்டுலயே வச்சிருக்கோம் பாருங்க, அது லித்தியம் செல்லுக்கு ஆகவே ஆகாது, உபயோகிக்காமலே கிழடு தட்டும். 80 சதவீதத்துல சார்ஜை நிறுத்துற மாதிரி போர்டுல வச்சா இது பாதி சரியாகும், கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியாது, ரெண்டு வாரம் ஓடுறது பதினோரு நாள் ஓடும், அவ்வளவுதான்.

ஸ்டாண்டு கரண்ட் கதை இன்னும் சுவாரசியம். 3.7 வோல்ட், 800 எம்ஏஹெச் செல்னா உள்ள சுமார் 3 வாட் ஹவர்தான் கொள்ளும். வருஷத்துக்கு 26 தடவைன்னா 78 வாட் ஹவர், சார்ஜ் ஏறும்போது பாதி வீணாகுதுன்னே வச்சுப்போம், 160. அதாவது ஒரு யூனிட்ல (1000 வாட் ஹவர்) ஆறுல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா அந்த ஸ்டாண்டு பிளக்லயே கெடந்து சும்மா அரை வாட் இழுத்துட்டிருந்தா வருஷத்துக்கு 4.4 யூனிட். பல் தேய்க்க ஆகுற கரண்ட்டைவிட சும்மா நிக்கிறதுக்கு இருபத்தஞ்சு மடங்குக்கு மேல! காசா பார்த்தா ஒரு டீ செலவுதான், ஆனா டிசைன் பண்ணவரோட கண்ணுல இது பட்டிருக்கணும். ஸ்டாண்டை எடுத்துட்டு யூஎஸ்பி-சி வச்சா சார்ஜரே டப்பாவுக்குள்ள வர வேண்டியதில்ல, போன் சார்ஜர்லயே போட்டுக்கலாம், ஊருக்குப் போகும்போது தனியா ஒன்னு சுமக்க வேணாம். நம்ம பாத்ரூம்கள்ல பாதிக்கு கீஸர் பாயின்ட்டைத் தவிர வேற பிளக்கே கிடையாதுங்கிறது வேற. ஐரோப்பால போன், டேப்லெட், கேமரால்லாம் யூஎஸ்பி-சிதான் இருக்கணும்னு 2024 டிசம்பர் 28ல இருந்து சட்டமாச்சு, அந்த பட்டியல்ல டூத்பிரஷ் இல்ல, ஆனாலும் சில கம்பெனிங்க தானாவே மாறிட்டு வர்றாங்க.

அடுத்தது தண்ணி. பேட்டரியை கஸ்டமரே மாத்துற மாதிரி வைங்கன்னு சொன்னா உடனே வர்ற பதில், "அப்புறம் சீல் போயிடும், தண்ணி இறங்கிடும், ஜனங்களுக்கு திரும்ப ஒழுங்கா மூடத் தெரியாது". இந்த வாதத்தைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வரும். குக்கர்ல ஆவி ஓரமா வந்துச்சுன்னா அவங்க யாரையும் கூப்பிடுறதில்ல, பாத்திரக்கடைக்குப் போய் "அஞ்சு லிட்டர் குக்கருக்கு கேஸ்கெட் குடுப்பா"ன்னு வாங்கிட்டு வந்து, மூடியில சுத்தி அமுக்கி, சாயங்காலம் பருப்பு வேக வச்சுருவாங்க. அந்த குக்கருக்குள்ள அழுத்தம் 15 பிஎஸ்ஐ, அழுத்தத்தை அளக்குற இன்னொரு கணக்குல கிட்டத்தட்ட 1 பார். டூத்பிரஷ்ல பெருசா போடுற ஐபிஎக்ஸ்7 என்னன்னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்குறது, ஒரு மீட்டர் தண்ணின்னா 0.1 பார். பத்துல ஒரு பங்கு! குக்கர்ல ரெண்டு சொட்டு கசிஞ்சா பரவாயில்ல, பிரஷ்ல ஒரு சொட்டு கூட ஆகாதுன்னு நீங்க சொல்லலாம், நியாயம்தான். அப்ப வாட்ச்சை எடுத்துக்கோங்க, 50 மீட்டர் தாங்குற வாட்ச்சோட பின்மூடியைத் திறந்து செல் மாத்தி ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம் வச்சு மூடுற வேலையை தெருமுனை வாட்ச் கடைக்காரர் டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுருவாரு. அடிமூடியில மரை போட்டு ஒரு ஓ-ரிங் வச்சா முடிஞ்சது. கஷ்டமான சீல் அது இல்ல, மேல ஆடுற கம்பியைச் சுத்தி இருக்கே, அதுதான். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல ஆடுற கம்பி, அதுமேல எந்நேரமும் பேஸ்ட், பேஸ்ட்டுல இருக்குறதே தேய்க்கிற தூள், அது ரப்பரையும் சேர்த்துத்தான் தேய்க்குது. அதனால அதைத்தான் முதல்ல மாத்துற மாதிரி வச்சிருக்கணும், ஜார் வாஷர் மாதிரி.

ஐரோப்பிய ஒன்றியத்தோட 2023 பேட்டரி சட்டம் இதை நெருங்கி வந்து கடைசி நேரத்துல ஒதுங்கிருச்சு. 2027 பிப்ரவரி 18ல இருந்து சின்ன பேட்டரி வச்ச பொருள்ல எல்லாம் உபயோகிக்கிறவரே சாதாரண டூல் வச்சு பேட்டரியை கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும்னு அது சொல்லுது, கடைசி பீஸ் வித்ததுக்கு அப்புறமும் அஞ்சு வருஷத்துக்கு நியாயமான விலையில பேட்டரி கிடைக்கணும்னும் சொல்லுது. ஆனா ஒரு விலக்கு வச்சாங்க. தண்ணி தெறிக்கிற, முங்குற இடத்துலயே பெரும்பாலும் உபயோகிக்கிற, கழுவுறதுக்குன்னே செஞ்ச சாதனமா இருந்து, பாதுகாப்புக்கு அவசியம்னா, தொழில் தெரிஞ்ச ரிப்பேர்காரர் மட்டும் மாத்துற மாதிரி இருந்தா போதும். டூத்பிரஷ் அப்படியே அச்சுல வார்த்த மாதிரி இதுக்குள்ள பொருந்துது. இருந்தாலும் இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா வெளி ஆள் ஒருத்தர் திறக்க முடியணும்னாலே பசை போட்டு மூடுற பழக்கம் அடிபடும். இந்தியாலயும் 2022ல பேட்டரி கழிவு விதிகள் வந்திருக்கு, ஆனா அது தூக்கிப் போட்டதுக்கு அப்புறம் யாரு பொறுப்புங்கிற கதை, திறக்க முடியணும்ங்கிற கதை இல்ல.

இதுக்கு நடுவுல ஏஏ, ஏஏஏ செல் போட்டு ஓடுற பிரஷ்ஷும் இருக்கு, பார்க்க மட்டமா இருக்கும், ஆனா எனக்கு அதுமேல ஒரு மரியாதை உண்டு. சார்ஜ் ஏத்துற செல் போட்டு ஓட்டுனா அந்த செல் போனாலும் கைப்பிடி இருக்கும். சாதா செல்லை வாங்கி மாசாமாசம் குப்பையில போட்டீங்கன்னா மட்டும் நான் பொறுப்பில்ல.

கைப்பிடி மெட்டீரியல்னு வந்தா இப்ப ஃபேஷன் ஒல்லியா அலுமினியம். ரீசைக்கிள் ஆகும், அழகா இருக்கு, போட்டோல நல்லா வரும். எங்க மாமியாருக்கு விரல் மூட்டு வீங்கி மடக்க முடியாது, அவங்க கையில அப்படி ஒன்னைக் குடுத்தேன், ஈரக்கையில ரெண்டு தடவை வழுக்கி வாஷ்பேசின்ல விழுந்துச்சு, மூணாவது தடவை "போப்பா நீயும் உன் பிரஷ்ஷும்"னுட்டு பழைய தடிமனான ரப்பர் பிடி போட்டதுக்கே போயிட்டாங்க. அந்த ரப்பரை பிளாஸ்டிக் மேல உருக்கி ஒட்டியிருப்பாங்க, பிரிக்க முடியாது, ரீசைக்கிள் பண்றவங்களுக்கு தலைவலி. யாருக்காக இந்த மெஷினே பிறந்துச்சோ அவங்களுக்கு பிடி வேணும், பூமிக்கு பிடி வேணாம், இதுல யாரு பக்கம் நிக்கிறது? கழட்டி மாட்டுற சிலிக்கான் உறையா குடுத்தா ரெண்டு பேரும் தப்பிச்சாங்க. வேணும்ங்கிறவங்க தடிமனா மாட்டிக்கலாம், வாரம் ஒரு தடவை கழட்டிக் கழுவலாம், அடியில கறுப்பு சேர்றதுங்கிற எல்லாரோட அருவருப்பும் அதோட போகும்.

ஹெட் விஷயத்துல ஒரு எதிர்பாராத நல்ல செய்தி இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துனா அஞ்சு வருஷத்துக்கு 20 ஹெட், ஆனா ஒவ்வொன்னும் ஒரு முழு பிளாஸ்டிக் பிரஷ்ஷைவிட ரொம்ப சின்னது, அதனால கைப்பிடி மட்டும் நீடிச்சா குப்பைக்குப் போற பிளாஸ்டிக் சாதா பிரஷ்ஷைவிட கம்மிதான். சிக்கல் என்னன்னா அந்த சின்ன ஹெட்டுக்குள்ள ரெண்டு மூணு பிளாஸ்டிக், நைலான் முடி, முடியை இறுக்கிப் பிடிக்க குட்டி உலோகத் துண்டு, சிலதுல கம்பி வேற, யாரும் இதைப் பிரிச்சு ரீசைக்கிள் பண்ணமாட்டாங்க. சில கம்பெனிங்க தபால்ல திருப்பி வாங்கிக்கிறாங்க. ஆமணக்குல இருந்து நைலான் முடி செய்றாங்க, கேக்க நல்லாயிருக்கு, உலகத்துலயே ஆமணக்கு அதிகமா விளையுறது நம்ம குஜராத் பக்கம்தான், நம்ம விளக்கெண்ணெய் சுத்தி வந்து ஐரோப்பாக்காரன் பல்லைத் தேய்க்குது. ஆனா செடியில இருந்து வந்ததாலயே அது மண்ணுல மக்கிடாது, நைலான் நைலான்தான். மக்காச்சோள மாவுல செஞ்ச பிஎல்ஏவும் சுமார் 60 டிகிரி சூடு இருக்குற பெரிய உரக்கூடத்துல போட்டாத்தான் மக்கும், கொல்லையில புதைச்சா அப்படியே கெடக்கும்.

இதையெல்லாம்விட பெரிய மிச்சம் எதுலன்னா, ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பிடி. நாலு பேருக்கு ஆளுக்கொரு ஹெட், கலர் வளையம் போட்டு, கைப்பிடி ஒன்னு. தினமும் 16 நிமிஷம் ஓடும், மிக்ஸி லெவலுக்கு கூட வரல. இதுக்கு ஆகவேண்டியது ஹெட்டை வைக்க மூடியோட ஒரு சின்ன ஸ்டாண்டும், எளிசா கழுவுற மாதிரி கைப்பிடியும். இதை எந்த விளம்பரத்துலயும் சொல்லமாட்டாங்க, ஏன்னு நான் சொல்லணுமா. அதுக்குப் பதிலா புளூடூத் குடுப்பாங்க. ரெண்டு வாரம் ஆப்பைத் திறந்து எந்த பல்லு விட்டுப்போச்சுன்னு பார்ப்போம், அப்புறம் யாரு பார்க்குறா? 2024ல 30 லட்சம் டூத்பிரஷ்ஷை ஹேக் பண்ணி வெப்சைட்டை முடக்கிட்டாங்கன்னு ஒரு நியூஸ் உலகம் சுத்துச்சு, கடைசியில பார்த்தா யாரோ உதாரணத்துக்கு சொன்னதாம், நடக்கவே இல்ல. நம்புற மாதிரி இருந்துச்சுங்கிறதுதான் கொடுமை. ரெண்டு நிமிஷ டைமரும், அழுத்தித் தேய்ச்சா தடுக்குற சென்சாரும் இருந்தா போதும், அது ரெண்டும் ஈறுக்கு நிஜமாவே உதவுது.

என் பிரஷ் கதையை பாதியில விட்டுட்டேன். சென்னைல எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே சைஸ் செல் பட்டையோட கிடைச்சுது, மொபைல் ரிப்பேர் பண்ற தம்பி ஒருத்தர் போர்டை ஸ்பிரிட்ல கழுவி செல்லை சால்டர் பண்ணிக் குடுத்தாரு, அடியில சிலிக்கான் பேஸ்ட் தடவி மூடிட்டேன், ஓடுது. ஸ்டாண்டுல நட்டு வைக்கிறதை விட்டுட்டேன். அந்த மேல் ரப்பர் மட்டும் எங்க தேடியும் கிடைக்கல, கேஸ்கெட் கடையில ஒருத்தர் அதை உள்ளங்கையில வச்சு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "இந்த சைஸ்ல யாருமே கேட்டதில்லயே சார்"னு திருப்பிக் குடுத்தாரு. கிழிஞ்ச ஓரத்துல பசை வச்சு பழசையே மாட்டியிருக்கேன்.